நான்காவது சொட்டு

என் தங்கை கல்யாணம் செய்துகொண்டு போனபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு, எனக்கு ஐம்பத்து மூன்று. மாப்பிள்ளைக்கு என்னைவிட ஒரு வயது குறைவு, தலைமுடி என்னைவிட ரொம்பக் குறைவு. பள்ளிக்கூட மைதானத்தை அளக்க வந்த சர்வேயர், மனைவியை இழந்தவர். என் தங்கை அந்தப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தாள். அந்த மைதானத்தை அளக்க மூன்று நாள் போதும். மனிதர் மூன்று வாரம் அளந்தார். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

நான் தடுக்கவில்லை. தடுக்க நான் யார்? அப்பா அம்மா போன பிறகு இருபது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஆளுக்கொரு அறையில், ஒரே குளியலறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருந்தோம். கல்யாணம் ஆகாததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. வந்த வரன்கள் பிடிக்கவில்லை, பிடித்த வரன்கள் வரவில்லை, அப்புறம் வருவதே நின்றுவிட்டது. பதிவு அலுவலகத்தில் அவளுக்காக நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதாமல் மக்கர் செய்தது. "மச்சானுக்குக் கை நடுங்குது" என்றார் மாப்பிள்ளை. பேனாதான் சரியில்லை என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

பாப்பா எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போனாள், மீன்தொட்டியைத் தவிர. எத்தனை வயதானாலும் வீட்டில் அவள் பெயர் பாப்பாதான். மூன்றடி நீளத் தொட்டி, நூற்றிருபது லிட்டர் தண்ணீர். அடியில் கறுப்பு மண், அதில் நாடா போல நீளும் செடிகள், ஒரு வேர்க்கட்டையில் பச்சைப் பாசி, பதினொரு நியான் மீன்கள், எண்ணி மாளாத குட்டி இறால்கள். பக்கத்தில், செடிகளுக்குக் கரியமில வாயு கொடுக்க ஒரு சின்ன சிலிண்டர். அவள் போகிற ஊர் இங்கிருந்து ரயிலில் ஒன்பது மணி நேரம். அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீரோடு சுண்ணாம்பும் வருமாம்.

"அங்க கே.எச். பதினெட்டுண்ணா. கொண்டுபோனா ஒரு வாரம் தாங்காது. ஃபில்டர் மாட்டி, இடம் ரெடி பண்ணிட்டு வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்கோ" என்றாள்.

கே.எச். என்றால் கார்பனேட் கடினத்தன்மை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அதைப் பற்றிப் பாடம் எடுத்தாள். ஐந்து மில்லி தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுக்க வேண்டும். மருந்து ஒரு சொட்டு விட்டால் தண்ணீர் நீலமாகும். குலுக்கி, இன்னொன்று, குலுக்கி, இன்னொன்று. எத்தனையாவது சொட்டில் நீலம் மஞ்சளாகிறதோ அதுதான் கே.எச்.

"செடிக்கு விடற கேஸ் தண்ணிய புளிக்க வைக்கும். கே.எச். அத தாங்கிப் பிடிக்கும். அது இல்லன்னா தாங்க ஆள் கிடையாது, ஒரே நாள்ல புளிச்சு மீனெல்லாம் செத்துடும். ஜாஸ்தியானா செடிக்கு ஆகாது. நாலுல நின்னா ரெண்டு பேருக்கும் சரி. நாலாவது சொட்டுல மஞ்சள். ஞாபகம் வெச்சுக்கோ."

எனக்கே தண்ணீர்ப் பாடமா என்று எரிச்சலாக இருந்தது. இருபத்தாறு வருஷமாக எனக்குத் தண்ணீர்தான் வேலை. மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவின் சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அதில் உப்புத் தொட்டி, கரி வடிகட்டி, நீளநீளமான வெள்ளைக் குழாய்கள், ஓயாமல் உறுமும் பம்பு, நடுவில் நான். ஊர்த் தண்ணீர் ஒரு பக்கம் நுழைந்து, உப்பு, சுண்ணாம்பு, குளோரின் எல்லாம் கழிந்து, மறுபக்கம் ஒன்றுமே இல்லாத தண்ணீராக வெளியே போகும். அந்தத் தண்ணீர்தான் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அவர்களை நான் பார்த்ததில்லை, அவர்களும் என்னைப் பார்த்ததில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு ஹெட் நர்ஸ் கதவைத் தள்ளித் தலையை மட்டும் நீட்டி, "ஹார்ட்னஸ்?" என்பார். "பூஜ்யம்" என்பேன். தலை போய்விடும். பல நாட்களில் அந்த ஒரு சொல்லோடு என் அலுவலகப் பேச்சு முடிந்துவிடும். முன்பெல்லாம் அது எனக்கு உறைத்ததே இல்லை. வீட்டுக்குப் போனால் சண்டை போட ஆள் இருந்தது.

அவள் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. முன்பு நான் இருமினால் அடுத்த அறையிலிருந்து "தண்ணியக் குடியேன்" என்று ஓர் அதட்டல் வரும். இப்போது இருமல் வந்தால் அது பாட்டுக்கு வந்துவிட்டுப் போகிறது. குளியலறை இருபத்து நான்கு மணி நேரமும் எனக்கே எனக்கு. அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் ஏழரைக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"கே.எச்.?"

"நாலு."

"கேஸ்?"

"செகண்டுக்கு ஒரு குமிழி."

"மீனெல்லாம் எண்ணினியா?"

"பதினொண்ணு."

"சரிண்ணா, வெச்சிடறேன்."

ஐம்பது விநாடி. போன் திரையில் அது காட்டும். அந்த ஐம்பது விநாடியை மனசில் வைத்துத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று ஒத்துக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. தொட்டி இருக்கிறவரை போன் வரும், தொட்டி போனால் போனும் போய்விடும். என் கணக்கு அவ்வளவுதான். நீயே போன் பண்ண வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பண்ணி என்ன சொல்வது? எங்கள் வீட்டில் யாரும் சும்மா பேசிப் பழகவில்லை. கரண்ட் போனால் பேசுவோம், குழாய் ஒழுகினால் பேசுவோம். ஒன்றும் ஆகாத நாளில் வாயைத் திறந்தால், உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள்.

ஒரு நாள் சோதனை செய்யும்போது மருந்துப் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துவிட்டேன் போல. சாய்த்தால் சொட்டு பெரிதாக விழும். மூன்றாவது சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. அதை அப்படியே சொன்னேன்.

"மூணா?" என்றாள். குரலே மாறிவிட்டது. "எப்படிண்ணா குறையும்? தண்ணி மாத்தினியா? எவ்வளவு மாத்தின? மண்ணக் கிளறினியா? வேர்க்கட்டை மேல வெள்ளையா ஏதாவது படிஞ்சிருக்கா பாரு. போன வெக்காம பாரு."

பார்த்தேன். பார்த்துச் சொன்னேன். அவள் இன்னொன்று கேட்டாள், அதற்கும் சொன்னேன். பேச்சு தொட்டியிலிருந்து நழுவி, அவள் புதுச் சமையலறைக் குழாயில் படியும் வெள்ளைப் பூச்சுக்குப் போனது. அங்கிருந்து மாப்பிள்ளை விடும் குறட்டைக்கு, அங்கிருந்து அவள் வேலைக்குச் சேர்ந்த புதுப் பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்துக்குச் சாவியே இல்லாத கொடுமைக்கு. வைக்கும்போது திரையைப் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம்.

அப்புறம் பாட்டிலை நேராகப் பிடித்து மறுபடி சோதித்தேன். நான்காவது சொட்டில் மஞ்சள். உடனே கூப்பிட்டு, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் எடுத்தேன், எடுத்த இடத்தில் வைத்தேன்.

மறுநாளும் மூன்று என்றேன். அதற்கு மறுநாள் இரண்டு.

இரண்டுக்கு முப்பத்தைந்து நிமிடம்.

"அரை ஸ்பூன் சமையல் சோடாவ ஒரு டம்ளர் தண்ணில கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. உன் தொட்டிக்கு அரை ஸ்பூன் ஒரு டிகிரி ஏத்தும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல ஏத்திடாத, மீனுக்குத் தூக்கிவாரிப் போடும்" என்றாள். சரி என்றேன். ஊற்றவில்லை. நான்கில் நன்றாக இருக்கும் தண்ணீரில் சோடாவைக் கொட்டி மீனைக் கொல்ல எனக்கென்ன பைத்தியமா? என் பொய் வாயோடு சரி, தண்ணீரில் இறங்காது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். பொய்யனுக்கும் ஒரு நேர்மை வேண்டும் அல்லவா.

நான்கு நாள் சோடா ஊற்றியும் இரண்டிலேயே நிற்கிறது என்றதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது, என் மேல் இல்லை, என் கண் மேல். "நீ கலர் சரியாப் பாக்கறியா? சொட்டு விடறத வீடியோ எடுத்து அனுப்பு" என்றாள்.

இங்கேதான் என் இருபத்தாறு வருஷ அனுபவம் கைகொடுத்தது. காலையில் இயந்திரத்தை ஓடவிட்டதும் முதல் இருபது நிமிடம் வரும் சுத்தத் தண்ணீரை நாங்கள் சாக்கடைக்குத்தான் விடுவோம். அதில் ஒரு சின்ன பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன். அதில் கே.எச். கிடையாது, எதுவுமே கிடையாது. ஊசி போடும் சிரிஞ்சால் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் இரண்டரை மில்லி, ஆஸ்பத்திரித் தண்ணீர் இரண்டரை மில்லி. கலந்ததும் போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தேன். ஒரு சொட்டு, நீலம். இரண்டாவது சொட்டு, பளிச்சென்று மஞ்சள். இப்படி ஒரு தில்லுமுல்லு உலகத்தில் வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது என்று அன்றைக்குப் பெருமையாகவே இருந்தது.

வீடியோவைப் பார்த்துவிட்டு அன்று அவள் நாற்பத்தெட்டு நிமிடம் பேசினாள்.

அந்த மூன்று வாரமும் எனக்கு நல்ல காலம். அவள் கேட்டபடி தொட்டியில் இருந்த ஒவ்வொரு கூழாங்கல்லையும் எடுத்து அதன் மேல் வினிகர் விட்டு, நுரைக்கிறதா, சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னேன். மண்தான் கே.எச்.சைக் குடிக்கிறது என்றாள் ஒரு நாள். கட்டை அழுகுகிறது என்றாள் இன்னொரு நாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியையிடம் கேட்டேன் என்றாள். நடுநடுவே வேறு பேச்சும் வரும். மாப்பிள்ளையின் மகள் வாரம் ஒரு முறை வருவாளாம். அவளுக்கு இருபத்தெட்டு வயது. பாப்பாவைச் சித்தி என்றும் கூப்பிட மாட்டாள், ஆன்ட்டி என்றும் கூப்பிட மாட்டாள்.

"முகத்த முகத்தப் பாத்து, 'இந்தாங்க'ங்கறாண்ணா. நான் என்ன கண்டக்டரா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஒரே வீட்டில் இருந்த இருபது வருஷத்தில் நாங்கள் இப்படிப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதில் சூடு இருக்கும். அந்தச் சூட்டோடு போய்ச் சாப்பிட உட்காருவேன்.

ஒரு நாள் கொரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே கே.எச்.சை ஏற்ற உடைத்த பவளத்தூள் இரண்டு கிலோ, அதைக் கட்டி உள்ளே போட வலைப்பை, அவள் கையெழுத்தில் இரண்டு பக்கச் செய்முறை. பவளப் பொட்டலத்தைப் பிரிக்காமல் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த இரண்டு பக்கங்களைப் பார்த்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் குறுகுறுத்தது. திருத்திய பரீட்சைத் தாள் மாதிரி முக்கியமான வரிகளுக்கெல்லாம் சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை ஏழரைக்கு வந்த போனில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"மச்சான், நல்லா இருக்கீங்களா? ஒண்ணு சொல்லணும். இவ ஒழுங்காச் சாப்பிடறதே இல்லைங்க. எப்பப் பாத்தாலும் அந்த மீன் நினைப்புதான். நேத்து உக்காந்து அழறா. 'என்னால எங்கண்ணனுக்கு தினமும் தொல்லை, பாவம் டியூட்டி முடிஞ்சு வந்து கல்லுக் கழுவிட்டு இருக்கான்'னு அழறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் போன் கை மாறியது.

"அண்ணா, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். நீ வேண்டாம்னு சொல்லக்கூடாது. கெளுத்திகிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து தொட்டி, மீன், சிலிண்டர் எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னுட்டார். ஒரு பல் டாக்டர் கிளினிக்ல கேட்டுட்டே இருக்காங்களாம். நல்லா பாத்துப்பாங்க."

கெளுத்தி என்பவர் அடுத்த தெருவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவர். இரண்டு பக்கமும் தொங்கும் மீசையால் பாப்பா அவருக்கு வைத்த பெயர் அது. தொட்டியை வாங்கியதே அவரிடம்தான்.

"எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எவ்வளவு நாள் பாத்துப்ப? நான் பாட்டுக்கு உன் தலைல கட்டிட்டு வந்துட்டேன். உனக்கு மீனே புடிக்காது, எனக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை ஏழரைக்கு அவள் கேட்பதற்கு முன்னாலேயே, "நாலு வந்துடுச்சு" என்றேன். ஒரு மாதத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

"சும்மா சொல்லாதண்ணா" என்றாள்.

வீடியோ அனுப்பினேன். இந்த முறை எதுவும் கலக்கவில்லை. நான்கு சொட்டு, நான்காவதில் மஞ்சள். பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "சோடாவ அள்ளிப் போட்டிருக்க. ரெண்டு நாள்ல மறுபடி இறங்கிடும். நான் வருத்தப்படக் கூடாதுன்னு நீ பண்ற. உன்ன எனக்குத் தெரியாதா?" என்றாள். என்னைத் தெரியும், என்னைத் தெரியும் என்று இரண்டு நாளில் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். பொய்யையெல்லாம் வரி விடாமல் நம்பியவள், உண்மையைச் சொன்னதும் உஷாராகிவிட்டாள். யாரிடம் போய் முறையிடுவது?

வெள்ளி, சனி இரண்டு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். என்ன சொல்வது? உன்னைப் பேசவைக்க உன் மீனை நோயாளியாக்கினேன் என்றா? ஐம்பத்து நான்கு வயது ஆம்பிளை, தலை நரைத்தவன், சிரிஞ்சை வைத்துக்கொண்டு தண்ணீர் கலந்து படம் பிடித்தேன் என்றா? நினைக்கும்போதே காது மடல் சுட்டது. தொட்டி போனாலும் பரவாயில்லை, இது மட்டும் வெளியே தெரியக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவு கோழை நான்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கெளுத்தி ஒரு சிறிய வேனோடு வந்தார். வாளிகள், குழாய், தெர்மாகோல் பெட்டிகள், காற்று நிரப்பிய பைகள். கைகால் அலம்பிக்கொண்டு தொட்டி முன் குந்தி உட்கார்ந்தார். முதல் வேலையாகச் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய மருந்துப் பாட்டிலை எடுத்தார். பழைய தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தானே மீனைப் புதுத் தண்ணீரில் விட முடியும் என்றார். சொட்டு விட்டுக் குலுக்கி, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாலு" என்றார். மீசையைத் தடவினார். "சார், தண்ணி தங்கமா இருக்கே. மேடம் ரெண்டுலயே நிக்குதுன்னாங்க?"

"நேத்து சோடா போட்டேன்."

"சோடா போட்டுத் திடீர்னு ஏத்தியிருந்தா இறாலெல்லாம் சுருண்டிருக்கும் சார். இதுங்க ஜாலியா மேயுது." அவர் கண் பக்கத்தில் இருந்த பவளப் பொட்டலத்துக்குப் போனது. அதைத் திருப்பி, ஒட்டிய டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். "இத இன்னும் பிரிக்கவே இல்லையே நீங்க."

"நீங்க தொட்டிய எடுக்க வந்தீங்களா, விசாரணை பண்ண வந்தீங்களா?"

அவர் கோபப்படவில்லை. "நல்லா இருக்கற தொட்டிய ஏன் கலைக்கணும்னு கேட்டேன், அவ்வளவுதான். வேணும்னா இப்பவே மேடத்துக்கு ஒரு போன் போட்டு, பிரச்சனை ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறேன். விட்டுட்டுப் போயிடறேன்."

அவர் கையில் போன் இருந்தது. ஒரு வார்த்தை, ம் என்று தலையசைத்தால் போதும். தொட்டி நிற்கும், ஏழரை மணி நிற்கும். ஆனால் அவர் சொன்னதும் பாப்பா கேட்பாள், அப்போ அந்த வீடியோ என்று. ஆய்வகத்தில் இருபது வருஷம் குப்பி கழுவியவளுக்கு அதற்கு மேல் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

"வேண்டாம். எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

மீன்களைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. பதினொன்றாவது மீன் கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு போக்குக் காட்டியது. அதை நானே கையில் வலையை வாங்கிப் பிடித்துக் கொடுத்தேன். செடிகளை ஈரக் காகிதத்தில் சுற்றினார். மண்ணை வாளியில் அள்ளினார். கடைசியில் பம்பின் ஒயரைப் பிடுங்கினார். அந்தச் சத்தம் அதுவரை வீட்டில் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. அவர் போன பிறகு, சாப்பிட வேண்டும் என்று தோன்றாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே சுவர்தான் இருந்தது. நான் தனியாக இருக்கிறேன் என்று அன்றைக்கு முதல் முறையாக எனக்குள் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாக இல்லை.

ஏழரைக்குப் போன் வந்தது.

"எல்லாம் பத்திரமா எடுத்துட்டுப் போனாரா?"

"ம்."

"பதினொண்ணும்?"

"பதினொண்ணும்."

"அப்பாடா" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளுடைய தொட்டி அல்லவா அது. "போகட்டும்ணா. இனிமே உனக்கு நிம்மதி. தினமும் போன் பண்ணி உயிர எடுக்க மாட்டேன். நீ நேரத்தோட சாப்ட்டுப் படு. வெச்சிடட்டுமா?"

"நாளைக்குப் பண்ணு" என்றேன்.

"எதுக்குண்ணா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது. எதுக்கு? தொட்டி இல்லை, மீன் இல்லை, குழாய்கூட ஒழுகவில்லை. என் கையில் ஒரு காரணமும் மிச்சம் இல்லை.

"தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா" என்றேன். "நாலுதான். எப்பவும் நாலுதான். கெளுத்தியும் பாத்தார், நாலு."

"என்ன சொல்ற?"

"நாலுன்னா நீ ஒரு நிமிஷத்துல வெச்சுடுவ. ரெண்டுன்னு சொன்னா அரை மணி நேரம் பேசுன. அதனால ரெண்டுன்னு சொன்னேன்."

"அப்போ அந்த வீடியோ?"

"ஆஸ்பத்திரித் தண்ணிய பாதி கலந்தேன். டியூப்ல மட்டும்தான். தொட்டில கலக்கல. சத்தியமா கலக்கல."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் வந்தது பாருங்கள். நான் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன், இப்படி வாங்கியதில்லை. மூன்று வாரம் சாப்பாடு இறங்கவில்லை என்றாள். டீச்சர் கிட்டப் போய்க் கை கட்டி நின்னேனே என்றாள். ரெண்டு கிலோ பவளம் தேடி ஊரெல்லாம் அலைஞ்சேன் என்றாள். ஃபில்டருக்குச் சொல்லிவைத்திருந்தாளாம், அடுத்த மாதம் வந்து மாட்டுவதாக இருந்ததாம். மீனை வைக்க ஜன்னலோரம் இடம்கூட ஒழித்து வைத்திருந்தாளாம்.

"என் தொட்டிய எவனோ பல்லுப் புடுங்கற எடத்துக்கு அனுப்பிட்டியே! அவன்கிட்டப் போயி எப்படித் திருப்பிக் கேப்ப?"

"கேக்கறேன். நாளைக்கே போறேன்."

"என்னன்னு கேப்ப? பல்வலின்னு சொல்லிட்டுப் போவியா? அடுத்த பொய்யா?"

அவள் கத்திக் கத்திக் களைத்து, மூச்சு வாங்கி, கடைசியில் குரல் உடைந்து கேட்டாள்.

"இவ்வளவு கூத்துக்கு, 'எங்கூட கொஞ்ச நேரம் பேசு'ன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரலையா அண்ணா?"

"வரல" என்றேன்.

அவள் வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்து, மாப்பிள்ளை எதற்கோ அவளைக் கூப்பிட்டார்.

"இருங்க" என்று அவள் அவரிடம் சொல்வது கேட்டது. "அண்ணன்கூடப் பேசிட்டு இருக்கேன்."

நாங்கள் இரண்டு பேரும் அப்போது எதுவும் பேசிக்கொண்டிருக்கவில்லை.